பிள்ளைகளோடு கிழக்கிலங்கைக் கடற்கரைக்கு: எங்கே இறங்கலாம் என்று முடிவு செய்வது எப்படி?

திருகோணமலை முதல் அறுகம்பே வரை மணல் கரைக்குப் பஞ்சமே இல்லை. படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு முக்கியம், தண்ணீருக்குள் தரை எப்படி இறங்குகிறது என்பதுதான்.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

கிழக்குக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் மழையும் பெரிய அலையும் ஜனவரி வரை நீளும். தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிசம்பரில்தான் வர முடியும் என்றால் தென்கரைக்கு, உனவட்டுன பக்கம் போங்கள். அங்கே அப்போதுதான் சீசன்.

படி 2: வயதுக்கேற்ற கரை

ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், பாசிக்குடாதான். மட்டக்களப்புக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர், வாழைச்சேனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளைந்த குடா என்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. பெரியவர்கள் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அடுத்தாற்போல் இருக்கும் கல்குடாவையும் இதையும் ஒன்றாகவே சொல்வார்கள்; ஆனால் அது திறந்த கடல், அலை அதிகம்.

நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்குத் திருகோணமலைக்கு வடக்கே இருக்கும் நிலாவெளி. எதிரே இருக்கும் புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. படகில் போய்ப் பவளப்பாறை மீன்களைப் பார்க்கலாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டுகள் காலைக் கிழிக்கும், செருப்பு வேண்டும். அறுகம்பே அலைச்சறுக்குக்காரர்களின் இடம்; சின்னவர்களோடு போனால் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: இறங்குமுன் ஐந்து நிமிடம் நில்லுங்கள்

இதை மட்டும் எந்தக் கரையிலும் விட்டுவிடாதீர்கள். இருபுறமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சலனமில்லாமல் தெரிகிறதா? நுரையும் பாசியும் அந்த வழியாகக் கடல் பக்கம் நகர்கிறதா? அதுதான் இழுப்பு, ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம். அமைதியாகத் தெரிவதால் அம்மா அப்பாக்கள் அங்கேதான் பிள்ளையை இறக்குவார்கள். சந்தேகம் இருந்தால் வலை இழுக்கும் அண்ணன்மாரிடம், "இதில குளிக்கலாமா?" என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

படி 4: காற்று எந்தப் பக்கம்?

கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, இங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தாலும் காற்றடைத்த வளையத்தையும் மெத்தையையும் அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். பாசிக்குடாவிலும் இதே கதைதான். வளையத்தில் பிள்ளை இருந்தால் உங்கள் கை அதன் மேலேயே இருக்கட்டும். பந்து போனால் போகட்டும், துரத்த விடாதீர்கள்.

படி 5: நேரம்

காலை ஒன்பதுக்குள் ஒரு முறை, அப்புறம் நாலு மணிக்கு மேல். மாலையில் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், மர நிழலும் கடல் பக்கமாக நீளும். ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதற்கு முன்பே எல்லோரையும் கரையேற்றிவிடுங்கள்.