கப்பி அச்சுக்குள் புகுந்துவிட்டதா? தொடுகை ஊடுருவலைப் புரிந்துகொள்ளல்

முடிவுள்ள மூலக முறையில் (பொருளைச் சிறு மூலகங்களாகப் பிரித்துக் கணினியில் கணிக்கும் முறை) முதன்முதலாக இரண்டு துண்டுகளைத் தொட வைத்துக் கணித்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: "பெறுபேற்றுப் படத்தில் ஒன்றுக்குள் மற்றது புதைந்து நிற்கிறதே, கணக்குப் பிழையா?" படத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஊடுருவல் எத்தனை மி.மீ., நாம் தேடுகிற அளவோடு ஒப்பிட்டால் அது பெரிதா என்றுதான் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு யாழ்ப்பாணத்து வளவுக் கிணற்றுக் கப்பியையே எடுப்போம். உருக்கு அச்சின் ஆரை 10 மி.மீ. வார்ப்பிரும்புக் கப்பித் துளையின் ஆரை 10.02 மி.மீ. துளையின் நீளம் 30 மி.மீ. தண்ணீரோடு வாளி 15 கிலோ என்றால் கயிற்றின் இரு பக்கமும் ஏறத்தாழ 150 நியூட்டன் இழுக்கும். அச்சில் விழுவது 300 நியூட்டன். மென்பொருள் பிரீபோமேக்ஸ். இலவசம், உள்ளே கணிப்பது கல்குலிக்ஸ். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் படிகள் இவைதான்.

படி 1: உருப்பெருக்கத்தை 1 ஆக்குங்கள்

பெரும்பாலான மென்பொருள்கள் உருமாற்றத்தைத் தாமாகவே பெருப்பித்துக் காட்டும். கப்பி 0.02 மி.மீ. கீழிறங்கி அச்சின் மேற்பக்கத்தில் அமர்கிறது என்று வையுங்கள். 100 மடங்கு பெருக்கினால் படத்தில் அது 2 மி.மீ. இறங்கும். ஆனால் தொடக்க இடைவெளி பெருகுவதில்லை, அது 0.02 ஆகவே இருக்கும். எனவே படத்தில் கப்பி 1.98 மி.மீ. அச்சுக்குள் நிற்கும், உண்மையில் ஊடுருவல் எதுவுமே இல்லாமல். உதவி கேட்டு வரும் படங்களில் பலவற்றின் கதை இவ்வளவுதான்.

படி 2: எண்ணை எடுங்கள்

தொடுகைப் பெறுபேறுகளில் 'சி-ஓப்பன்' (COPEN) என்று ஒரு கணியம் வரும். நேர்ப்பெறுமானம் இடைவெளி, மறைப்பெறுமானம் ஊடுருவல். சில மென்பொருள்களில் குறி மாறியிருக்கும், கையேட்டைப் பாருங்கள். அந்தக் கணியமே வரவில்லை என்றால் தொடுகைச் சோடியை, அதாவது எந்த இரு மேற்பரப்புகள் தொடும் என்பதை, வரையறுக்க மறந்திருக்கக்கூடும். அப்போது துண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் ஊடே போய்விடும்.

படி 3: சுமை ஏற்றுமுன்பே ஊடுருவல் இருக்கிறதா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். வலை பின்னும்போது, அதாவது துண்டுகளை மூலகங்களாகப் பிரிக்கும்போது, வட்டம் பல்கோணியாகிறது. துளையைச் சுற்றி 36 மூலகங்கள் என்றால் ஒரு விளிம்பு சுமார் 1.74 மி.மீ. ஒவ்வொரு நாணின் நடுப்புள்ளியும் உண்மையான வளைவிலிருந்து எவ்வளவு உள்ளே வருகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு: விளிம்பு நீளத்தின் வர்க்கத்தை ஆரையின் எட்டு மடங்கால் வகுங்கள். இங்கே 0.038 மி.மீ. அதாவது துளையின் மேற்பரப்பு சில இடங்களில் 9.982 ஆரைக்கு வந்துவிட்டது. அச்சின் கணுக்களோ (மூலகங்களின் மூலைப் புள்ளிகள்) 10.00 இல் நிற்கின்றன. வரைபடத்தில் 0.02 இடைவெளி விட்டிருந்தும், கணுக்கள் நேருக்கு நேர் வராத இடத்தில் 0.018 மி.மீ. ஊடுருவலோடுதான் கணக்குத் தொடங்குகிறது! மென்பொருள் அதைத் தள்ளித் திருத்தப் பார்க்கும். இல்லாத தகைப்பு (பொருளுக்குள் எழும் உள்விசை) பிறக்கும்.

தொடும் பகுதியில் மட்டும் வலையை 0.2 மி.மீ. ஆக்குங்கள். அந்த விலகல் 0.0005 மி.மீ. ஆகக் குறையும். வளைந்த விளிம்புள்ள இரண்டாம் படி மூலகங்களும் உதவும். நுண்வலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜேர்மன் பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸ் 1882 இல் தந்த தொடுகைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், இந்தக் கப்பியும் அச்சும் தொடும் பட்டையின் அகலம் சுமார் 1.8 மி.மீ.தான். 1.74 மி.மீ. மூலகம் ஒன்றே அதை ஏறத்தாழ முழுதாக விழுங்கிவிடும்.

கணுக்களைத் தானாக மேற்பரப்புக்கு நகர்த்தும் வசதியும் மென்பொருளில் உண்டு. அது உங்கள் வடிவத்தையே மாற்றுகிறது என்பதால் நான் கடைசியில்தான் அதைத் தொடுவேன். அமுக்கி ஏற்றும் புஷ் (துளைக்குள் இறுக்கிச் செருகும் குழாய்) போன்றவற்றில் மேற்படிவு (துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது) வேண்டுமென்றே கொடுக்கப்படுவது, அதைத் 'திருத்திவிட' வேண்டாம்.

படி 4: எது தலைமை, எது சார்பு?

தொடுகைச் சோடியில் ஒரு மேற்பரப்பைத் தலைமை (மாஸ்டர்) என்றும் மற்றதைச் சார்பு (ஸ்லேவ்) என்றும் குறிக்க வேண்டும். கணுவுக்கும் முகத்துக்கும் இடையிலான தொடுகையில் சார்பு மேற்பரப்பின் கணுக்கள் மட்டுமே தலைமைக்குள் புகுகின்றனவா என்று சோதிக்கப்படும். விறைப்பான அச்சைத் தலைமையாகவும், நுண்வலையுள்ள துளையைச் சார்பாகவும் வையுங்கள். மாற்றி வைத்து, சார்பின் வலையும் பெரிதாக இருந்தால், தலைமையின் கணுக்கள் இடைவெளிகளால் நுழைந்துவிடும். யாரும் தடுக்கமாட்டார்கள்.

படி 5: தொடுகை விறைப்பு

பெனல்ட்டி முறையில் (ஊடுருவலுக்கு ஏற்ப எதிர்விசை தரும் முறை) இரண்டு மேற்பரப்புகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வில்கள் (ஸ்பிரிங்) இருக்கின்றன. வில் அமுங்கினால்தான் தள்ளும்; ஆகவே சிறிது ஊடுருவல் இந்த முறையோடு கூடவே பிறந்தது. அளவு எளிது: தொடுகை அமுக்கத்தை வில்லின் விறைப்பால் வகுத்தால் ஊடுருவல்.

நமது கப்பியில் ஹேர்ட்ஸ் கணக்குப்படி உச்ச அமுக்கம் சுமார் 7 மெகா பஸ்கால். விறைப்பு மி.மீ. ஒன்றுக்கு 1000 மெகா பஸ்கால் என்று கொடுத்தால் ஊடுருவல் அதிகபட்சம் 0.007 மி.மீ. படத்தில் தெரியவே தெரியாது. ஆனால் உலோகம் உண்மையில் அமுங்குவது 0.001 மி.மீ.க்கும் குறைவு, ஆகவே இந்த விடையைத் தூக்கிப் போடவேண்டியதுதான். உருக்கின் யங்கின் மட்டு (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 2,10,000 மெகா பஸ்கால். விறைப்புக்கு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கொடுங்கள், ஊடுருவல் 0.0000033 மி.மீ.க்கு இறங்கும்.

இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. விறைப்பு எல்லை மீறினால் கணக்கு ஒருங்காமல் (ஒரு விடையில் நிலைகொள்ளாமல்) திணறும்.

படி 6: பத்து மடங்குச் சோதனை

விறைப்பைப் பத்து மடங்காக்கி மறுபடி ஓட்டி, உச்ச அமுக்கத்தை ஒப்பிடுங்கள். தாங்கியின் மறுதாக்கத்தை ஒப்பிட்டுப் பயனில்லை: கப்பி எவ்வளவு புதைந்தாலும் சமநிலைக்காக அது 300 நியூட்டன் என்றே வரும். உச்ச அமுக்கம் 7க்கு அருகில் நின்று, இரண்டு ஓட்டத்துக்கும் இடையே அசையவில்லை என்றால் பழைய விறைப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டமே நின்றுபோனால், கப்பி தொடக்கத்தில் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். மாதிரியில் அதை 0.02 மி.மீ. இறக்கி அச்சில் அமர்த்திவிட்டு ஓட்டுங்கள். உராய்வைச் சேர்ப்பது இவ்வளவும் சரிவந்த பிறகு.