சீன மருத்துவம் சொல்லும் குளிர்காலப் பராமரிப்பு: டானிக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

குளிர்காலத்துக்குச் சீன மருத்துவம் என்ன சொல்கிறது என்று தேடினால் ஜின்செங், கோஜி பெர்ரி, கருங்கோழி சூப் என்று கடையில் வாங்க வேண்டிய சாமான்கள்தான் முதலில் வந்து நிற்கும். அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு மூலத்துக்குப் போங்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஹுவாங்தி நெய்ஜிங் என்ற சீன மருத்துவ நூலின் இரண்டாம் அத்தியாயம் நான்கு பருவங்களிலும் எப்படி வாழ வேண்டும் என்று சொல்கிறது; அதில் குளிர்காலத்துக்கான பகுதியில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. சீக்கிரம் படு, நேரம் கழித்து எழு, வெயில் வரும்வரை காத்திரு, மனதை அடக்கி வை, குளிரை விட்டு விலகிக் கதகதப்பை நாடு, வியர்த்து ஒழுக விடாதே. இவ்வளவுதான் அங்கே இருக்கிறது. அதனால் நானும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன். தூக்கம் முதலில், அப்புறம் உடம்பின் சூடு, அப்புறம் சாப்பாடு, டானிக் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

காரணம் இதுதான். குளிர்காலம் மூடிச் சேர்த்து வைக்கும் காலம். தண்ணீர் உறைந்து நிலம் வெடிக்கும் இந்த நாட்களில் உடம்பின் வெப்பசக்தியான யாங் உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் தங்குகிறது என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. அந்தச் சிறுநீரகம் ஸ்கேனில் தெரியும் உறுப்பைவிடப் பெரிய விஷயம். எலும்பு, பல், தலைமுடி, காது, இடுப்பு, பிள்ளைப்பேறு எல்லாமே அதன் பொறுப்பு. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) சரியாக இருப்பவரிடம்கூட ஒரு சீன வைத்தியர் சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லலாம், அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். அதேபோல, நிஜமாகவே சிறுநீரக நோய் இருப்பவர்கள் கீழே இருப்பதைத் தங்கள் சிகிச்சை என்று நினைத்துவிடவும் கூடாது. இருப்பதைச் சேர்த்து வைக்காமல் செலவழித்தால் வசந்தத்தில் கைகால் தளர்ந்துபோகும் என்பது நூலின் எச்சரிக்கை.

எப்போது தொடங்குவது? சீனப் பஞ்சாங்கம் வருடத்தை 24 பருவக்கூறுகளாகப் பிரிக்கிறது (2016-இல் யுனெஸ்கோ இதை மரபுச் செல்வமாக அங்கீகரித்தது). குளிர்காலம் நவம்பர் 7 அல்லது 8-இல் வரும் லிதோங்கில் தொடங்கிப் பிப்ரவரி 4 வாக்கில் வரும் லிசுன்னில் முடிகிறது. நடுவில் டிசம்பர் 21 அல்லது 22, வருடத்தின் மிக நீண்ட இரவு, தோங்ஜி. அன்றிலிருந்து ஒன்பது ஒன்பது நாளாக 81 நாள் எண்ணுவார்கள், மூன்றாவது ஒன்பதுதான் எலும்பை நடுங்கவைக்கும் குளிர், ஜனவரி இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். பழக்கங்களை லிதோங்கிலேயே தொடங்கிவிடுங்கள், கனமான சாப்பாட்டையும் டானிக்கையும் தோங்ஜிக்குத் தள்ளி வையுங்கள்.

இப்போது தூக்கம். டிசம்பர் கடைசியில் பெய்ஜிங்கில் சூரியன் எழ ஏழரை மணி ஆகிவிடும், வேலைக்குப் போகிறவர்கள் யாரும் அதுவரை படுத்திருக்க முடியாது. எழும் நேரத்தை மாற்ற முடியாவிட்டால் படுக்கும் நேரத்தை மாற்றுங்கள், பத்து, பத்தரைக்குள் விளக்கை அணைத்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் பதினொன்றரைக்குப் படுத்தவர் என்றால் வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னால் இழுத்தால் போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை இருட்டோடு நடைப்பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். அந்த நேரக் குளிர் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதில் நவீன மருத்துவருக்கும் சீன வைத்தியருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் வந்த பிறகு போகட்டும். மதியம் காற்று இல்லாத இடத்தில் வெயிலுக்கு முதுகைக் காட்டி இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பதைச் சீனத்துப் பூங்காக்களில் எங்கும் பார்க்கலாம். யாங் நாடிகளின் பிரதான பாதை முதுகுத்தண்டின் மேல் ஓடுகிறது என்பதால் முகத்தைவிட முதுகுக்குத்தான் அந்த வெயில் வேண்டும் என்பார்கள்.

மனசுக்கும் அந்தப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மனதை மறைத்து வைத்ததைப் போல, யாருக்கும் சொல்லாத எண்ணம் ஒன்று இருப்பதைப் போல, தேடியது ஏற்கெனவே கிடைத்துவிட்டதைப் போல இரு என்கிறது. நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம்: பெரிய முடிவுகளையும் சண்டைகளையும் வசந்தத்துக்கு ஒத்திப்போடுங்கள், மாலையில் வெளியே போவதைக் குறையுங்கள், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

குளிர் உடம்புக்குள் நுழையும் வாசல்கள் என்று சீனர்கள் சொல்வது பிடரி, இடுப்பு, பாதம். சட்டை எத்தனை அடுக்கு போட்டாலும் இந்த மூன்றும் திறந்திருந்தால் பயனில்லை. கழுத்துக்கு மஃப்ளர், இடுப்பை மறைக்கும் நீளத்தில் உள்சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் சாக்ஸ். வீட்டுக்குள் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடப்பது நமக்குப் பழக்கம்தான், குளிர் நாட்டில் அதை விட்டுவிடுங்கள். பெய்ஜிங் போன்ற வட ஊர்களில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை அரசே வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் வெப்பம் கொடுக்கிறது. சின்லிங் மலை, ஹுவாய் ஆறு என்ற கோட்டுக்குத் தெற்கே பொதுவாக அது கிடையாது. அதனால் ஷாங்காயில் வீட்டுக்குள்ளேயே பஞ்சு வைத்த அங்கியோடு, மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். தெற்கில் ஈரக்குளிர், வடக்கில் ஹீட்டரால் வறட்சி. உங்கள் வீடு இதில் எந்த வகை என்று முதலில் பாருங்கள், சாப்பாட்டைத் தீர்மானிக்கும்போது அது தேவைப்படும்.

ஒரே ஒரு பழக்கம்தான் முடியும் என்கிறவர்களுக்கு நான் கால் ஊறவைப்பதைத்தான் சொல்வேன். கெண்டைக்கால் பாதிவரை மூழ்கும் ஆழமான வாளி வேண்டும், அகலமான பேசின் சரிவராது, தண்ணீர் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கட்டும், பாதத்தால் சோதிக்காமல் முழங்கையை விட்டுப் பாருங்கள், குளிரில் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கைப்பிடி காய்ந்த ஆய் இலை (மரிக்கொழுந்து வகைச் செடி, கீழே சொல்கிறேன்), அல்லது ஒரு ஸ்பூன் சிச்சுவான் மிளகு, இதில் ஏதாவது ஒன்றைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரை வாளியில் கலக்கலாம், வெறும் வெந்நீரும் போதும். பதினைந்து நிமிடம், அதிகபட்சம் இருபது. முதுகில் லேசாக ஈரம் கசிந்தால் அதுதான் நிறுத்த வேண்டிய இடம், அதைத் தாண்டி நெற்றியில் வியர்வை வழியும்வரை உட்கார்ந்தால் சேர்த்து வைக்க வேண்டியதைக் கொட்டிவிட்டோம் என்று அர்த்தம். பிறகு விரலிடுக்குவரை துடைத்து, உள்ளங்காலின் முன்பகுதியில், விரல்களை மடக்கினால் குழி விழுகிற யோங்ச்சுவான் என்ற இடத்தைக் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து, உடனே சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும் மது குடித்த பிறகும் இதைச் செய்யாதீர்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலில் நரம்பு சுருண்டவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

உடற்பயிற்சியிலும் அதே வியர்வைக் கணக்குதான். குளிர்காலத்தில் சானா, ஹாட் யோகா, மூச்சு வாங்க ஓடுவது எல்லாம் இந்த மரபுக்கு ஒத்துவராது. பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுப் பயிற்சி போதும், 2003-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்திய வடிவத்தை முழுதாகச் செய்ய 12 நிமிடம்தான் ஆகும். அதில் ஆறாவது அசைவு இடுப்புக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. தோளகலத்துக்குக் கால் வைத்து நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மார்புவரை இறக்கி, அக்குளுக்குக் கீழே பின்பக்கமாகச் செருகி, உள்ளங்கைகளால் இடுப்பு, பிட்டம், தொடையின் பின்புறம் என்று தேய்த்துக்கொண்டே குனிந்து பாதத்தைத் தொடுங்கள், பிறகு கைகளை முன்னே நீட்டித் தூக்கி, அந்த இழுப்பிலேயே உடம்பு நிமிரட்டும். ஆறு முறை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முட்டிவரை குனிந்தால் போதும்.

கால் ஊறவைக்கச் சொன்ன ஆய், நம் மரிக்கொழுந்தின் உறவுச் செடி. ஹூபே மாகாணத்தின் சிச்சுன் ஊர் அதற்குப் பேர்போனது, மருத்துவர் லி ஷிஜென் பிறந்த ஊரும் அதுதான். காய்ந்த இலையை இடித்துப் பஞ்சாக்கிச் சுருட்டு மாதிரி உருட்டிய குச்சிதான் மோக்ஸா, அதைப் பற்றவைத்து உடம்பின் சில புள்ளிகளுக்குச் சூடு காட்டுவார்கள். பழசாக இருந்தால்தான் தீ மென்மையாக இருக்கும். ஏழு வருட நோய்க்கு மூன்று வருட ஆய் தேடுவதைப் பற்றி பழைய சீனத் தத்துவஞானி மென்சியஸ் காலத்திலேயே பேச்சு உண்டு. வீட்டில் செய்வதென்றால் ஸூசான்லி என்ற புள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் இறங்கி, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி அழுத்தினால் ஒரு மந்தமான வலி கணுக்கால் பக்கம் ஓடும், அதுதான் இடம். பற்றவைத்த முனையைத் தோலிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு காலுக்குப் பத்து நிமிடம், தோல் சிவந்து கதகதப்பாக வேண்டும், சுடக்கூடாது. சாம்பலை அடிக்கடி தட்டுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், முடிந்ததும் முனையை மணலில் புதைத்து அணையுங்கள், வெளியே கறுத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள், ஆஸ்துமாக்காரர்களுக்கு இது வேண்டாம்.

சரி, சாப்பாடு. கிழக்கு ஹான் அரசவம்சக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த மருந்து ஒன்று இன்றைக்கும் வீட்டு அடுப்பில் வேகிறது: செம்மறி ஆட்டுக்கறி, இஞ்சி, தாங்குவேய் வேர். வயிற்றைப் பிடித்திழுக்கும் குளிர்வலிக்கும், பிள்ளை பெற்றவளின் வயிற்றுவலிக்கும் அவர் கொடுத்தது. அரைக் கிலோ கறியைப் பச்சைத்தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள், கொதி வரும்போது சாம்பல் நிற நுரை திரண்டு மேலே வரும், அதை முழுவதும் எடுத்துப்போட்ட பிறகு கறியை வெந்நீரில் அலசுங்கள். 30 கிராம் இஞ்சியைத் தோலோடு வில்லையாக நறுக்கி வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கறியையும் 10 கிராம் தாங்குவேயையும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம். உப்பு கடைசியில்தான். தாங்குவேய் கேரட், செலரி குடும்பத்து வேர், கசப்பும் இனிப்பும் கலந்த அதன் மணம் வீடு முழுக்கப் பரவும், முதல் தடவை 5 கிராமோடு தொடங்கினாலும் தப்பில்லை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வேரைத் தொடக்கூடாது. இஞ்சி மட்டும் போட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வாரம் ஒரு தடவை போதும். தினமும் குடித்தால் வாய்ப்புண், தொண்டைக் கட்டு, மலச்சிக்கல் என்று சூடு தலைக்கேறிவிடும். அதற்குத்தான் சீனர்கள் கறியோடு வெள்ளை முள்ளங்கியை வேகவைக்கிறார்கள். குளிரில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, வைத்தியர் சீட்டே வேண்டாம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. சைவர்களுக்குக் குறையில்லை, இந்தப் பருவத்தின் நிறம் கறுப்பு என்பதால் கறுப்பு எள், கறுப்பு மொச்சை வகைகள், கறுப்பரிசி, மரக்காளான், கூடவே அக்ரூட். வறுத்த கறுப்பு எள்ளையும் அரிசியையும் சம அளவு பொடித்து வைத்துக்கொண்டு காலையில் இரண்டு ஸ்பூன் கூழாகக் காய்ச்சிக் குடிக்கலாம். ஹீட்டர் வறட்சியில் உதடு வெடித்து, இருமல் வறண்டு வருகிறதென்றால் ஆட்டுக்கறியை நிறுத்திவிட்டுப் பேரிக்காயைக் கற்கண்டோடு ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கடைசியாக டானிக். ஷாங்காய், ஹாங்ஜோ பக்கம் தோங்ஜி நெருங்கினால் பழைய மருந்துக்கடைகளில் கூட்டம் நெரியும், எல்லாம் காவ்ஃபாங் என்ற லேகியத்துக்காக. ஹாங்ஜோவில் 1874-இல் தொடங்கிய ஹு சிங் யூ தாங் இதற்குப் புகழ்பெற்றது. இருபது முப்பது மூலிகைகளைக் காய்ச்சி வடித்து, கழுதைத்தோல் ஜெலட்டினும் கற்கண்டும் சேர்த்துக் கிண்டுவார்கள். கரண்டியைத் தூக்கும்போது கூழ் சொட்டாமல் அதன் ஓரத்தில் முக்கோணக் கொடியாகத் தொங்கினால் பதம் வந்துவிட்டது. இது நாடி பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவது, அதற்கும் முன்னால் ஒன்றிரண்டு வாரம் வயிற்றைச் சீராக்கும் கஷாயம் தருவார்கள். அப்படியிருக்க, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று அதே டப்பாவை ஆன்லைனில் வாங்காதீர்கள். செரிமானம் சரியில்லாதவருக்கு டானிக் ஏறாது, நாக்கில் மாவு படிந்திருக்கிறது, சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்றால் அது உங்களுக்கான காலமே இல்லை. சளி, காய்ச்சல் வந்தால் அன்றே நிறுத்துங்கள். லேகியம் சாப்பிடும் நாட்களில் வேகவைக்காத முள்ளங்கியும் கடுந்தேநீரும் கூடாது. வேறு மாத்திரை எது சாப்பிட்டாலும் உங்கள் மருத்துவரிடமும் அந்த வைத்தியரிடமும், இருவரிடமும் சொல்லுங்கள்.

லிசுன் வந்ததும் லேகியத்தை நிறுத்திவிடலாம், கம்பளியை நிறுத்தக்கூடாது. பிப்ரவரியில் வெயில் அடித்தாலும் சீனர்கள் குளிருடையை மெதுவாகத்தான் கழற்றுவார்கள், அதுவும் மேலிருந்து கீழாக. முதலில் தொப்பி, பிறகு கனமான கோட்டு. கால்சட்டைக்குள் போடும் உள்ளுடையும் சாக்ஸும் பகல் வெப்பம் 15 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நிலையாக நிற்கும்வரை அப்படியே இருக்கட்டும்.