பின் என்றால் எந்தப் பின்?

புது வண்ணாரப்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ். உள்ளே நடப்பதில் முக்கால்வாசி ஃபார்ம் நிரப்புவது, ஆன்லைனில் பணம் கட்டுவது, போனுக்கு வந்த மெசேஜைப் படித்துச் சொல்வது. போன மாதம், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருவர் தானே நிரப்பிய ஃபார்மைக் கொடுத்து ஒரு காப்பி கேட்டார். கண்ணாடியில் வைக்கும்போது பார்த்தேன். முகவரிக்குக் கீழே 'பின்' என்று போட்டிருந்த ஆறு கட்டத்தில் நான்கு மட்டும் நிரம்பியிருந்தது.

"அண்ணே, இது இன்னா நம்பரு?"

குரலை இறக்கி, "ஏ.டி.எம். பின்னும்மா. அதத்தானே கேட்டுகிறான்?" என்றார்.

அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொல்லிவிட்டு, புது ஃபார்ம் பிரின்ட் எடுத்தேன்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த மூன்று எழுத்துக்கு இரண்டு ஃபுல் ஃபார்ம் இருக்கிறது, அதுதான் சிக்கல். முகவரியில் வருவது போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர். 1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் துறை கொண்டுவந்தது. நாம் 'சென்னை-81' என்று சொல்கிறோமே, அதன் முழு உருவம் 600081. ஏ.டி.எம். கேட்பது பர்சனல் ஐடென்டிஃபிகேஷன் நம்பர். அதை ஃபார்மில் எழுதும் வேலையே கிடையாது. எவன் கேட்டாலும் எழுதாதீர்கள்.

அதனால் ஷார்ட் ஃபார்ம் பழக வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கட்டத்தை எண்ணுங்கள் என்றுதான். ஆறு கட்டம் என்றால் தபால் பின். பத்துக் கட்டம் என்றால் பெரும்பாலும் பான், அதாவது பர்மனென்ட் அக்கவுன்ட் நம்பர்: ஐந்து எழுத்து, நான்கு எண், கடைசியில் ஓர் எழுத்து. தனி ஆளுக்கு நான்காவது எழுத்து 'பெர்சன்' என்பதன் முதல் எழுத்தாக இருக்கும். வாக்காளர் அட்டையின் எபிக் எண்ணும் பத்துதான், ஆனால் மூன்று எழுத்துக்கு அப்புறம் ஏழு எண். பதினொன்று என்றால் ஐ.எஃப்.எஸ்.சி.; முதல் நான்கு எழுத்து பேங்க், கடைசி ஆறு கிளை, நடுவில் ஐந்தாவதாக நிற்பது பூஜ்யம். அதை 'ஓ' என்று எழுதிவிட்டு, பணம் போகவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. பதினைந்து கட்டம் என்றால் ஜி.எஸ்.டி. எண், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். பன்னிரண்டு என்றால் ஆதார். ஸ்கூல் பிள்ளைகள் அதற்கும் ஃபுல் ஃபார்ம் கேட்பார்கள். அது ஷார்ட் ஃபார்மே இல்லை, அடித்தளம் என்று பொருள்படும் இந்திச் சொல்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆயிரம் ஷார்ட் ஃபார்ம் என்று ரயிலில் விற்கிற புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து உருப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 'பி' வரிசை தாண்டியவர் யாரும் இல்லை. பதிலாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் காகிதம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம்: பேங்க் மெசேஜ், டாக்டர் சீட்டு, ஈ.பி. பில், பிள்ளையின் காலேஜ் சர்குலர், ரயில் டிக்கெட். எந்த எழுத்து எந்தக் காகிதத்தில் வந்ததோ அந்தப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் நம் தெருக்களுக்குக் கொடுங்கள். தைரியம் வருவதற்கு. டி.எச். ரோடு திருவொற்றியூர் ஹை ரோடு. ஜி.என்.டி. ரோடு கிராண்ட் நார்தர்ன் ட்ரங்க். ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர்! அது ராஜா சர் ராமசாமி முதலியார். ஆர்.கே. நகர் ராதாகிருஷ்ணன் நகர். ஜி.ஏ. ரோடு என்றால் கொல்லவார் அக்ரஹாரம் ரோடு. அங்கேயே குடியிருந்துகொண்டு இது தெரியாதவர்கள் நிறைய. வியாசர்பாடி எம்.கே.பி. நகரை ஏதோ வெள்ளைக்காரன் பெயர் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மகாகவி பாரதி! எழுத்து ஆங்கிலம், உள்ளே இருப்பவர் எட்டயபுரத்துக்காரர்.

இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். எழுத்து ஆங்கிலமாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஆங்கிலம் என்று இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் பேங்க் மெசேஜ். ஜூன் மாதம் ஆனால் ஒரு கூட்டம் வரும். எதிர் வரிசை ஆயா ஒருத்தர் போனை நீட்டி, "பாப்பா, நானூத்தி முப்பத்தாறு ரூபா எவனோ எடுத்துகினான், பாரு" என்றார். மெசேஜில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், 'டெபிட்', பக்கத்தில் பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். என்று ஆறு எழுத்து. பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா. இந்தி. பேங்கில் கணக்குத் தொடங்கும்போது கையெழுத்து வாங்கிய காகிதங்களில் ஒன்று. வருடத்துக்கு 436 ரூபாய், இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. தம்பியாகிய பி.எம்.எஸ்.பி.ஒய். விபத்துக் காப்பீடு, அது 20 ரூபாய். ஆயாவுக்கு வயிற்றெரிச்சல் தீரவில்லை, ஆனால் திருடன் இல்லை என்று தெரிந்தது. மற்றபடி பேங்க் பக்கத்தில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். 'டி.ஆர்.' என்றால் அங்கே டாக்டர் இல்லை, கணக்கிலிருந்து போனது, 'சி.ஆர்.' வந்தது. ஆர்.டி.ஜி.எஸ். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் அனுப்ப. சின்னத் தொகைக்கு என்.இ.எஃப்.டி. அல்லது ஐ.எம்.பி.எஸ்.

இப்போது ஒரு சோதனை. 'ஓ.டி.' என்றால் என்ன?

பேங்கில் கேட்டால் ஓவர்டிராஃப்ட். காலேஜ் பிள்ளையைக் கேட்டால் ஆன் டியூட்டி, அதாவது கிளாசுக்குப் போகாமலேயே அட்டெண்டன்ஸ். லேத் பட்டறையில் கேட்டால் அவுட்டர் டயாமீட்டர், குழாயின் வெளி விட்டம். கண் டாக்டர் சீட்டில் வலது கண். மற்ற டாக்டர் சீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வேளை. இது போதாது என்று எங்கள் வீட்டில் அப்பா ஃபேக்டரியில் 'ஓ.டி. பார்த்தேன்' என்பார், அது ஓவர்டைம். அந்தக் கடைசி எழுத்து ஆங்கிலத்தில் வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் 'டி'தான்.

ஆகவே நோட்டில் எழுத்துகளை ஆங்கிலத்திலேயே எழுதி, உச்சரிப்பைத் தமிழில் பக்கத்தில் போடுங்கள். 'பி', 'டி' இரண்டும் நம் எழுத்தில் ஆளை ஏமாற்றும். போனில் ஐ.எஃப்.எஸ்.சி. சொல்லும்போதும் இதே தொல்லை. நான் ஒரு பாட்டே வைத்திருக்கிறேன்: பி ஃபார் பீச் ஸ்டேஷன், பி ஃபார் பெரம்பூர், டி ஃபார் டாக்டர், டி ஃபார் திருவொற்றியூர், எம் ஃபார் மணலி, என் ஃபார் நேதாஜி நகர். பெங்களூரு கால் சென்டர் பிள்ளைக்குப் புரியாது, சரி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

டாக்டர் சீட்டுக்கு வருவோம், ஏனென்றால் அங்கே ஊகிக்கவே கூடாது. அதில் இருப்பது ஆங்கிலமும் இல்லை, லத்தீன். பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் பின். ஒரு நாள் பக்கத்துத் தெரு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். பையனுக்குக் காய்ச்சல், மாத்திரை பெயருக்கு எதிரில் எஸ்.ஓ.எஸ். என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டி.வி.யில் கப்பல் மூழ்கும்போது அனுப்புவார்களே, அதே மூன்று எழுத்து. பிள்ளைக்கு என்னவோ ஆபத்து, டாக்டர் தன்னிடம் மறைக்கிறார் என்று அவருக்கு அழுகை. சீட்டில் அதன் பொருள் 'தேவைப்பட்டால் மட்டும்'. காய்ச்சல் அடித்தால் கொடு, இல்லையென்றால் வேண்டாம். மருந்துக் கடைத் தம்பியிடம் காட்டி அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வைத்தேன். நான் சொன்னதை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்பதற்காக. சீட்டில் 1-0-1 என்று எழுதும் டாக்டர்களுக்குக் கோடிப் புண்ணியம்.

கப்பலின் எஸ்.ஓ.எஸ். வேறு கதை. 'சேவ் அவர் சோல்ஸ்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பின்னால் ஒட்டவைத்தது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று மோர்ஸில் தட்ட எளிது, காதில் தப்பாது. 1906-இல் பெர்லினில் கூடிய மாநாட்டில் அதற்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஃபுல் ஃபார்மே கிடையாது. அதே மாதிரி 'நியூஸ்' என்றால் நான்கு திசையின் முதல் எழுத்து என்று ஸ்கூல் பிள்ளைகள் ஒப்பிக்கும். அதுவும் கட்டுக்கதை, 'நியூ' என்பதிலிருந்து வந்த சொல்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஃபுல் ஃபார்ம் அளவுக்கு மீறி அழகாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். நிஜமான ஷார்ட் ஃபார்ம்கள் அசடாகத்தான் இருக்கும். உலகமே சொல்லும் 'ஓ.கே.' 1839-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வேண்டுமென்றே 'ஆல் கரெக்ட்' என்பதைத் தப்பு எழுத்தில் போட்ட கிண்டல். ஸ்பெல்லிங் வரவில்லையே என்று வெட்கப்படுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஆபீஸ் விஷயத்தில் நானே அசடு வழிந்தவள். கடை வைக்கும் முன் மண்ணடியில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருந்தேன். சேர்ந்த முதல் வாரம் மேனேஜர், "இந்த லிஸ்ட்டை இ.ஓ.டி.க்கு அனுப்பிடும்மா" என்றார். தலையாட்டிவிட்டு வந்து, இ.ஓ.டி. யார் என்று மெயில் அட்ரஸ் லிஸ்டில் தேடினேன். கிடைக்கவில்லை. ஆபீஸ் பையனிடம் மெதுவாக, "இ.ஓ.டி. எந்த டேபிளில் உட்கார்வார்?" என்று கேட்டேன். அவன் மூன்று டேபிளுக்குச் சொல்லிவிட்டான். எண்ட் ஆஃப் டே, சாயங்காலத்துக்குள். இரண்டு வருடம் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். தெரியவில்லை என்றால் அந்த நிமிடமே மேனேஜரிடம், "அது என்ன சார்?" என்று கேட்டிருக்கலாம், ஒரு சிரிப்போடு போயிருக்கும். பி.எல். என்றால் பில் ஆஃப் லேடிங், எஃப்.சி.எல். என்றால் கண்டெய்னர் முழுக்க ஒருவர் சரக்கு, எல்.சி.எல். என்றால் பலர் சரக்கு, இ.டி.ஏ. என்றால் கப்பல் வந்து சேரும் உத்தேச நேரம் என்றெல்லாம் அப்புறம் கேட்டுக் கேட்டே பழகினேன்.

ஃபார்மில் இன்னொன்று: டபிள்யூ, சாய்வுக் கோடு, ஓ. நம் ஊரில் 'இன்னாரின் மனைவி'. வெளிநாட்டுக்காரர் மெயிலில் அதே எழுத்துக்கு 'இல்லாமல்' என்று அர்த்தம். என் கடைக்கு வரும் பெண்கள் சிலர் இரண்டாவது அர்த்தமே பொருத்தம் என்கிறார்கள். சாட்டில் பிள்ளைகள் எழுதுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது மாதத்துக்கு ஒன்று மாறும், வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார்.

தெரியாததைத் தேடுவதற்கும் அதே வழிதான். எழுத்தை மட்டும் கூகுளில் போட்டால் நாற்பது பதில் வரும். அது எந்தக் காகிதத்தில் இருந்ததோ அதையும் சேர்த்துப் போடுங்கள்: பேங்க் ஸ்டேட்மென்ட், ஈ.பி. பில், டிக்கெட். ஈ.பி. பில்லில் சி.சி. என்றால் கரண்ட் கன்சம்ப்ஷன், ஓடிய கரண்டுக்கான காசு. பைக்கில் சி.சி. வேறு, மெயிலில் சி.சி. வேறு.

போன வாரம் அண்ணன் பையன் மணலிப் பக்கம் போய் வந்து ஒரு போட்டோ காட்டினான். ஆலை வாசலில் காற்றின் அளவுகளைக் காட்டும் போர்டு, அதில் ஒரு வரி வி.ஓ.சி. "அத்தை, வ.உ.சி. பேரை எதுக்குப் பொகையோட சேர்த்துப் போட்டுகிறாங்க?" என்றான். தண்டையார்பேட்டை வ.உ.சி. நகரில் வளர்கிற பையன், அவனுக்கு அப்படித்தானே தோன்றும். எழுத்தோடு 'காற்று மாசு' என்றும் சேர்த்துத் தேடச் சொன்னேன். வாலடைல் ஆர்கானிக் காம்பவுண்ட்ஸ், பெட்ரோல் வாடை மாதிரிச் சட்டென்று ஆவியாகிக் காற்றில் கலக்கும் ரசாயனங்கள் என்று வந்தது. அவன் நோட்டில் தெருப் பெயர்ப் பக்கத்தில் ஒரு வி.ஓ.சி.யும், புதிதாகத் தொடங்கிய 'மணலி' பக்கத்தில் இன்னொரு வி.ஓ.சி.யும் இருக்கிறது.