பழைய மரப் படகு மாடலைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைக்கு வந்த அன்றே உப்புத்தாளை எடுப்பதுதான் பழைய மரப் படகுகளுக்கு எமன். 1950, 60களில் கட்டிய ரேடியோ கண்ட்ரோல் படகு ஒன்று பரணில் அறுபது வருடம் கிடந்தும் தாக்குப்பிடித்திருக்கும். புதுப்பிக்கிறேன் என்று இறங்கியவர் கையில் இரண்டே வாரத்தில் வீணாகிவிடும். பெயின்ட் கண்ணில் படுவதால் அங்கிருந்து தொடங்கத் தோன்றும். ஆனால் படகைக் கெடுப்பவை எல்லாம் உள்ளே இருக்கின்றன: மரத்தில் ஊறிய எண்ணெய், பேட்டரி கக்கிய காரம், உயிர்போன பசை, தேய்ந்த ஷாஃப்ட் குழாய். இவற்றை முடிக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

அளக்காமல் கழற்றுவது

கழற்றிய பிறகு தெரியாமல் போகும் விஷயங்களை முதலில் பதிவு செய்யுங்கள். ஸ்கேலை அருகில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுக்க வேண்டும். நீர்மட்டக் கோடு முன்முனையிலும் பின்பக்கத்திலும் அடியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், உள்ளே அடிப்பாரமாக வைத்த ஈயக்கட்டிகள் எங்கே, எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். படகின் பெயரும் எண்களும் பழைய டிரான்ஸ்ஃபர் படங்களாக ஒட்டியிருந்தால் டிரேசிங் தாளில் வரைந்து வையுங்கள். பெயின்டைக் கரைத்து உரிக்கும் ஸ்ட்ரிப்பர் பட்டால் அவை போனதுதான்.

பித்தளை ஸ்க்ரூக்களை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை தனியே வந்துவிடும். தலைப் பள்ளத்தில் உள்ள பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் பத்து விநாடி வைத்துச் சூடாக்கி, ஆறியதும் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்று அசைத்து, பிறகு கழற்றுங்கள். திரும்பப் போடும்போது அதே அளவு இரும்பு ஸ்க்ரூவால் முதலில் மரை வெட்டிவிட்டுப் பித்தளையைப் போட்டால் உடையாது.

ஈரமாக வந்த படகை வெயிலில் காய வைப்பதும் ஹீட்டர் பக்கத்தில் வைப்பதும் தவறு. மரத்தின் வெளிப்புறம் வேகமாகச் சுருங்கும், உட்புறம் சுருங்காது. பலகை பிளக்கும், பிளைவுட் அடுக்கு பிரியும். மூடிகளைத் திறந்து நிழலில் காற்றாட வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வாருங்கள். ஒரு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் மரத்தில் எதையும் பூசாதீர்கள்.

எண்ணெய் ஊறிய மரத்தில் எபாக்சி

டீசல் அல்லது குளோ எஞ்சின் (சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் சின்ன எஞ்சின்) ஓடிய படகுகளில் இதுதான் பெரிய தலைவலி. அந்த எரிபொருட்களில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். எஞ்சின் தாங்கிக் கட்டைகளைச் சுற்றி மரம் கறுத்து, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அதன்மேல் எபாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) பூசினால் பிடித்ததுபோலத் தெரியும்; சில மாதத்தில் தோலாக உரிந்து வரும்.

டர்பென்டைன் மாற்றாக விற்கும் பெட்ரோலிய தின்னரையோ மண்ணெண்ணெயையோ வைத்துத் துடைப்பவர்கள் உண்டு. விளக்கெண்ணெய் பெட்ரோலியத் திரவங்களில் சரியாகக் கரையாது, சாராய வகைகளில் நன்றாகக் கரையும். ஆகவே மெத்திலேட்டட் ஸ்பிரிட் அல்லது அசிடோன். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து பால்சா சிமென்ட் (மாடல் மரப் பசை), டோப் (போர்த்திய துணியை இறுக்கும் பூச்சு) இரண்டும் நைட்ரோசெல்லுலோஸ், அசிடோன் பட்டால் மூட்டே கரைந்து பிரியும். அந்த இடங்களில் ஸ்பிரிட்டை மட்டும், துணியில் நனைத்து, ஊற்றாமல் பயன்படுத்துங்கள்.

துடைத்தால் மேற்பரப்பு மட்டுமே சுத்தமாகும். உள்ளே இருப்பதை இழுக்க, சுண்ணாம்புக்கல் பொடியையோ சோளமாவையோ ஸ்பிரிட்டில் குழைத்து இட்லி மாவு பதத்தில் 5 மி.மீ. கனத்துக்குப் பூசுங்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது எண்ணெய் பொடிக்குள் ஏறி மஞ்சளாகும். காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று நான்கு முறையாவது ஆகும். சுத்தமானதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்: முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பரவி ஊறினால் பசைக்குத் தயார். ஆறு முறைக்குப் பிறகும் முத்து நின்றால் அந்த மரத்தை வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. புதுத் துண்டைச் சாய்வு மூட்டாக ஒட்டுங்கள். சாய்வின் நீளம் கனத்தைப்போல் எட்டு மடங்கு, அதாவது 3 மி.மீ. பிளைவுட்டுக்கு 24 மி.மீ.

பேட்டரிக் கசிவு: எது அமிலம், எது காரம்

இதைக் கேட்காமலே எல்லாக் கசிவுக்கும் சமையல் சோடா தூவுகிறார்கள். ஈய-அமில பேட்டரிக்குத்தான் அது சரி. நிக்கல்-காட்மியம் பேட்டரி கக்குவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அதற்குச் சோடாவால் பயன் இல்லை. பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி, நுரைப்பு அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டரால் இருமுறை துடைத்துக் காய விடுங்கள்.

வினிகரைக் கொண்டுவருமுன் ஈயத்தால் வார்த்த நங்கூரம், கப்பிகள் போன்ற சின்ன உறுப்புகளைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் சீலன்டும் இதே வேலையைச் செய்யும், கூடவே செம்புக் கம்பிகளையும் கெடுக்கும். படகுக்குள் சிலிகான் வைப்பதென்றால் நியூட்ரல் வகைதான்.

கம்பிகளைக் காப்பாற்ற முயலாதீர்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரியோடு பல வருடம் கிடந்த கம்பி, உறைக்குள் கறுத்துப்போய் சால்டரிங் ஈயம் ஒட்டாது. கறுப்பு பல அங்குலம் உள்ளே ஓடியிருக்கும். சுவிட்சோடு சேர்த்து மொத்த வயரிங்கையும் மாற்றுவதே குறைந்த வேலை.

பசை விஷயத்தில் அவசரம்

ஒரு மூட்டு விட்டிருந்தால் அதே நாளில் அதே பசையால் ஒட்டிய மற்ற மூட்டுகளும் விடத் தயாராக இருக்கும். ஏரா எனப்படும் அடிக்கட்டையிலிருந்து மேல்தளம் வரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் பொத்தென்று மாறும் இடத்தில் மெல்லிய கத்தி முனை நுழைகிறதா பாருங்கள்.

விரிசலில் சூப்பர் குளூவை ஓடவிடுவது பலருக்கும் பழக்கம். அது இடைவெளியை நிரப்பாது, அதிர்ச்சியில் பொடிந்து உடையும், மரத்தின் துளைகளை அடைத்துவிடுவதால் அடுத்து எந்தப் பசையும் ஏறாது. வெள்ளைப் பசை தண்ணீரில் மறுபடி இளகும். போட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தாங்கும் டி4 தரம் என்று அச்சிட்டது. ஐந்து நிமிட எபாக்சி, மெதுவாக இறுகும் எபாக்சி அளவுக்குத் தண்ணீர் தாங்காது. தண்ணீருக்குள் இருக்கும் மூட்டுகளுக்கு மெதுவான வகையே வேண்டும். கலவை விகிதம் எடைக்கா கன அளவுக்கா என்று டப்பாவில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. 10 கிராமுக்குக் குறைவாகக் கலந்தால் சின்னப் பிழையும் பெரிதாகி, எபாக்சி ரப்பராகவே நின்றுவிடும். கிளாம்பை மூச்சுமுட்ட இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறி, மூட்டில் ஒன்றும் மிஞ்சாது.

பலகைப் பலகையாக ஒட்டிக் கட்டிய படகில் இடைவெளிகளைக் கெட்டியான பட்டியால் அடைப்பது இன்னொன்று. காய்ந்த மரத்தில் தெரியும் இடைவெளி, மரம் ஈரம் குடித்தால் தானே மூடும். அங்கே கல்லாக இறுகிய பட்டி இருந்தால் பலகை ஊத இடமின்றிக் குறுக்குச் சட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய மரச் சிம்புகளை இழைத்து ஒட்டி, உள்ளும் புறமும் இரண்டு பக்கமும் எபாக்சியால் அடைத்துவிடுங்கள். வெளியே மட்டும் அடைத்தால் உள்ளிருந்து ஈரம் ஏறும்.

பெயின்ட் உரிப்பது

1.5 மி.மீ. மூன்றடுக்கு பிளைவுட்டின் மேலடுக்கு அரை மில்லிமீட்டர்தான். சாண்டர் மெஷின் அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். ஹீட் கன் பழைய பசையை இளக்கும். ஸ்ட்ரிப்பர், பட்டுத்துணியும் டோப்பும் சேர்த்துப் போர்த்திய பால்சா உடலில் போர்வையையே கரைத்துவிடும். ஒட்டியிருக்கும் பெயின்ட் உறுதியாக இருந்தால் அதை உரிக்க வேண்டிய அவசியமே இல்லை. 240, பிறகு 400 நம்பர் தாளால் ஈரத்தில் தேய்த்து அதன்மேலேயே அடிக்கலாம். பழைய சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே உலர் தேய்ப்பு கூடவே கூடாது. துணி மாஸ்க் ஈயத் தூசிக்கு ஆகாது. பி3 அல்லது பி100 வடிகட்டி வேண்டும். நீராவி எஞ்சினோ சூடான எக்ஸாஸ்ட் குழாயோ உள்ள படகில் வெள்ளை நார்க்கயிறு சுற்றியிருந்தால் கல்நாராக இருக்கலாம், அதைச் சுரண்டாதீர்கள்.

எனாமல் மேல் செல்லுலோஸ் பெயின்ட் அடித்தால் அடிப்பூச்சு சுருண்டு கிளம்பும். செல்லுலோஸ் மேல் எனாமல் பிரச்சினை செய்யாது. பழையது எது என்று தெரியாவிட்டால் மறைவான இடத்தில் செல்லுலோஸ் தின்னரில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். செல்லுலோஸ் கரைந்து பஞ்சில் ஒட்டும், எனாமல் சுருங்கும். எபாக்சி இறுகியதும் மேலே படரும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் கொண்டு கழுவாமல் தேய்த்தால் அது தாளோடு மரத்துக்குள் போய் பெயின்டைப் பிடிக்கவிடாது.

ஷாஃப்ட்

புரொப்பல்லர் ஷாஃப்டைக் கண்ணாடித் தகடு மேல் உருட்டிப் பாருங்கள், தாவினால் வளைந்திருக்கிறது. தட்டி நிமிர்த்துவதைவிட 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி புதிதாகப் போடுவது எளிது. பித்தளைக் குழாயில் இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்புச் சல்லடை மிஞ்சியிருக்கிறது. அந்தக் குழாயை மாற்றியாக வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்தால் அடிக்கட்டை பிளக்கும். குழாய்க்குள் பொருந்தும் கம்பியைச் சூடாக்கிச் செருகினால் சுற்றியுள்ள எபாக்சி இளகி, கையால் திருகியே எடுக்கலாம்.

மோட்டாரும் ஷாஃப்டும் நேர்க்கோட்டில் இல்லாததை ஃபிளெக்சிபிள் கப்ளிங் சரிசெய்யும் என்று நம்புவதால்தான் பல படகுகள் கரகரவென்று கத்துகின்றன. முதலில் இரண்டு தண்டுக்கும் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு நேரான குழாயைப் போட்டு மோட்டார் தாங்கியைப் பொருத்துங்கள். தாங்கி உறுதியானதும் குழாயை எடுத்துவிட்டுக் கப்ளிங்கைப் போடுங்கள். லாக் நட்டுக்கும் வாஷருக்கும் இடையே ஒரு தாள் கனம் இடைவெளி போதும்.

மோட்டாரும் ரேடியோவும்

பிரிட்டனில் விற்ற டேகால் போன்ற பழைய மோட்டார்களில் நிலைக்காந்தம் கிடையாது, கம்பிச் சுற்றுதான். வயரை மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும் திசை மாறாது, ஏனெனில் ஆர்மேச்சரிலும் (சுழலும் சுற்று) ஃபீல்டிலும் (நிலையான சுற்று) மின்னோட்டம் சேர்ந்தே திரும்புகிறது. புது ஸ்பீட் கண்ட்ரோலரை வாங்கிவிட்டு ரிவர்ஸ் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். தொடர் இணைப்பு மோட்டாரில் 25 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் ஏசி முனைகளை ஆர்மேச்சரோடு தொடராகவும், டிசி முனைகளை ஃபீல்டுக்கும் கொடுத்தால் ரிவர்ஸ் கிடைக்கும். அதில் சுமார் 1.4 வோல்ட் இறங்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். நிலைக்காந்த மோட்டாரிலும் ஒரு பொறி உண்டு: அல்நிக்கோ காந்தமாக இருந்தால் ஆர்மேச்சரை வெளியே எடுத்தாலே காந்தம் பலவீனமாகும். பிரஷ் பக்கத்தை மட்டும் திறந்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கம்யூட்டேட்டர் இடுக்குகளைப் பல்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். பிரஷ்களுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இல்லாமல் புது ரிசீவரை இணைக்காதீர்கள்.

பழைய ஒற்றைச் சேனல் ரிசீவர், ரப்பர் சுருளால் இயங்கி சுக்கானைத் திருப்பும் எஸ்கேப்மென்ட் எல்லாம் காட்சிக்கு. அவற்றின் இடத்தில் புதிதாகத் துளை போடாமல் தனிப் பலகையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரைப் பொருத்துங்கள். தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். ஆன்டெனாவின் உறையில்லாத கடைசி 31 மி.மீ. நீர்மட்டத்துக்கு மேலே, நேராக, உலோகத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். பழைய செர்வோக்களைப் புது ரிசீவரில் அப்படியே செருகாதீர்கள். பிளக்கில் பிளஸ், மைனஸ் இருக்கும் இடம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறியது. மீட்டரால் பார்த்த பிறகே.

எடையும் முதல் மிதப்பும்

6 வோல்ட் 4 ஆம்பியர்-மணி ஜெல் பேட்டரி ஏறக்குறைய முக்கால் கிலோ. அதை எடுத்துவிட்டு 250 கிராம் லித்தியம் பேக் வைத்தால் படகு உயரமாக மிதந்து, முதல் திருப்பத்திலேயே சாயும். குறைந்த எடையை அதே இடத்தில், அடிக்கட்டையை ஒட்டி ஈயமாக வையுங்கள். அவிழ்ந்து நகராதபடி கட்டுங்கள். பழைய 6 வோல்ட் மோட்டாருக்கு ஐந்து செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேக்கே பொருத்தம். கண்ட்ரோலரில் லித்தியம் கட்-ஆஃப் (வோல்ட் குறைந்தால் தானே நிறுத்தும் வசதி) இல்லையென்றால் வேறு யோசனையே வேண்டாம்.

முதல் மிதப்பு குளியல் தொட்டியில், மின்சாதனம் எதுவும் இல்லாமல், அவற்றின் எடைக்குச் சமமான மணல் பொட்டலங்களோடு. ஷாஃப்ட் குழாயும் சுக்கான் குழாயும் உள்ளே முடியும் இடத்தில் டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். முன்னும் பின்னும் எடை போட்டால், கண்ணுக்குத் தெரியாமல் மரம் குடித்த தண்ணீரும் பிடிபடும்.

பிறகு குளத்துக்குப் போகலாம். கரையில் படகைக் கையில் பிடித்துக்கொண்டே டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்காமல் சுற்றினால் ஃபெயில்சேஃப் அமைக்கப்படவில்லை. சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் இறக்கிய படகு, சிக்னல் போனால் எதிர்க்கரைக் கல்லில் மோதித்தான் நிற்கும்.