சிறுநீர்த் துவாரத்தருகே கட்டி: கத்தியை எடுப்பதற்கு முன்

பெண்கள் புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள் செய்யும் பிழைகளில் பாதி, எங்கள் தலைமுறை அந்த வயதில் செய்தவைதான். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பாமல் மாத்திரை எழுதுவது போன்றவை ஒரு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

'சூடு' என்று அனுப்பிவிடுவது

வண்ணாரப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வரும் பெண்கள் பலர், நீர்க்கடுப்புக்கு மாதக்கணக்கில் இளநீரும் பார்லி கஞ்சியும் குடித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள். நாமும் ஒரு ஆன்டிபயாடிக் எழுதி அனுப்புகிறோம். காரணம் ஒரு கட்டியாகவும் இருக்கலாம். கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறதா, சிறுநீர் கழித்து எழுந்த பிறகும் சொட்டுகிறதா, உறவின்போது வலிக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவதை மாமியார் பக்கத்தில் இருக்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேளுங்கள்.

எல்லாக் கட்டியும் ஒன்று என்று நினைப்பது

இடம்தான் பாதி விடை. துவாரத்தை ஒட்டி, ஒரு பக்கமாக இருந்தால் ஸ்கீன் சுரப்பியின் நீர்க்கட்டி. சுரப்பியின் நாளம் அடைபட்டு வருவது; பெரும்பாலும் சிறியது; சிறுநீர் ஒரு பக்கமாகத் தெறிக்கலாம். யோனி வாயிலின் கீழ்ப்பகுதியில், பக்கவாட்டில் இருந்தால் பார்த்தோலின் சுரப்பியின் கட்டி. யோனியின் முன்சுவரில் பக்கவாட்டாக, சற்று மேலே இருந்தால் கார்ட்னர் நீர்க்கட்டி. கருவிலிருந்த நாளத்தின் மிச்சம் அது. முன்சுவரின் நடுவில், சிறுநீர்ப் பாதையின் மேலேயே புடைத்திருந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பார்த்ததும் கீறுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நடுவில் இருப்பது பெரும்பாலும் டைவர்டிகுலம். அது மூடிய கட்டியே அல்ல. சட்டையில் தைத்த பையைப் போல, அதன் வாய் சிறுநீர்ப் பாதைக்குள் திறந்திருக்கும். சிறுநீர் தேங்கும், சீழ் பிடிக்கும், சில நேரம் உள்ளே கல்லும் உருவாகும். யோனிப் பக்கமாகக் கீறினால் அந்தப் பைக்கு இரண்டாவது வாய் வைக்கிறீர்கள். அது ஆறாமல் நின்றால் ஃபிஸ்டுலா, அதாவது சிறுநீர் யோனிக்குள் ஒழுகும் வழி.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒருவர் வந்தார். வேறெங்கோ 'சீழ்க்கட்டி' என்று கீறியிருந்தார்கள். சில வாரம் நிம்மதி. பிறகு யோனி வழியாக ஒழுக்கு. மடித்த பழம்புடவைத் துணி இல்லாமல் கூடைக்குப் பின்னால் உட்கார முடியாது. "மீன் வாடையில் யாருக்கும் தெரியாது, டாக்டரம்மா" என்றார். கீறியது சில நிமிட வேலை. அதைச் சரிசெய்யப் பெரிய அறுவை, வாரக்கணக்கில் சிறுநீர் வடிக்கும் கதீட்டர் குழாய், அத்தனை நாளும் வியாபாரம் இல்லை. கீறியவர் அதன் பிறகு அவரைப் பார்த்திருக்கவே மாட்டார். அதனால்தான் இந்தத் தவறு திருந்துவதில்லை.

கத்திக்கு முன் விரல். முன்சுவரை உள்ளிருந்து வெளியே மெல்ல அழுத்தித் தடவி, துவாரத்தையே பாருங்கள். சிறுநீரோ சீழோ துளிர்த்தால் ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது. எதுவும் வராவிட்டாலும் இல்லையென்று ஆகாது, எம்.ஆர்.ஐ. எடுத்து, சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்புங்கள். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். தொட்டால் கல்போல் இருந்தாலோ இரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். அபூர்வமாக உள்ளே புற்றும் இருக்கும்.

கார்ட்னர் என்று எழுதிவிட்டு நிறுத்துவது

சிறுநீரகத்துக்கும் ஸ்கேன் எழுதுங்கள். ஒரு சிறுநீரகம் இல்லாமலோ, அதிலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் இடம் மாறித் திறந்தோ இருக்கலாம்.

தொந்தரவில்லாத சிறு கட்டிக்கு அறுவை

வேண்டாம்.

பிறந்த குழந்தையின் கட்டியைக் குத்துவது

பெண் குழந்தைக்குத் துவாரத்தருகே தெரியும் ஸ்கீன் கட்டி பெரும்பாலும் சில மாதங்களில் தானே வற்றிவிடும். பாட்டியைச் சமாதானப்படுத்துவதுதான் கடினம்.

சிவந்த சதையை நீர்க்கட்டி என்பது

மாதவிடாய் நின்றவரின் துவார விளிம்பில் சிவப்பாகத் துருத்தி நிற்பது பெரும்பாலும் காரங்கிள். உள்ளே நீர் இல்லை. ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்குப் போதும். களிம்புக்கு அடங்காவிட்டாலோ, கெட்டியாக இருந்தாலோ துண்டெடுத்து பயாப்சிக்கு அனுப்புங்கள்.