கடலுக்குப் போகும் வெண்கலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலிருந்து கடலைப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். ஆனாலும் எங்கள் பட்டறையில் பஃப் போட்டுக் கண்ணாடி மாதிரி அனுப்பிய படகுக் கதவுக் கீல்கள், சில மாதங்களில் பச்சைக் களிம்போடு திரும்பி வருவதுண்டு. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் குறை வார்ப்பில் இருக்காது, மாட்டிய விதத்தில்தான் இருக்கும்.

முதல் தவறு, வெண்கலக் கீலுக்குப் பித்தளைத் திருகு போடுவது. இரண்டும் மஞ்சள்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை அப்படி வந்த கீலில் திருகின் தலை ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தது. பிளையரால் பிடித்ததும் காய்ந்த ரொட்டித் துண்டு மாதிரி உதிர்ந்தது. சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். உப்புத் தண்ணீர் அதை மெல்ல உருவி எடுத்துவிட, மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான செம்பு. திருகின் அளவும் வடிவமும் அப்படியே இருக்கும், பிடிமானம் மட்டும் இருக்காது. கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் நூற்றுக்குச் செம்பு 85, வெள்ளீயம் 5, ஈயம் 5, துத்தநாகம் வெறும் 5 என்பதால் அதற்கு இந்த நோய் வருவதில்லை. மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்பதில் துத்தநாகம் 40 சதவீதத்தை நெருங்கும். பெயர்தான் வெண்கலம், குணம் பித்தளை. தண்ணீருக்கு அடியில் அதை நம்ப வேண்டாம். திருகுக்குச் சிலிக்கான் வெண்கலம் கேட்டு வாங்குங்கள். இரும்புத் திருகு போட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். பெரிய வெண்கலத்தோடு சின்ன இரும்பு சேர்ந்து நனைந்தால் அரிப்பு முழுவதும் அந்த இரும்பின் தலையில்தான் விழும்.

அடுத்தது புளி. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் கையில் ஊறியது. விளக்கைக் கழுவித் துடைத்துவிடலாம். கீலின் ஊசியைச் சுற்றிய இடுக்கில் நுழைந்த புளியை எப்படிக் கழுவுவது? அங்கேதான் களிம்பு கிளம்பும். இரும்பு நாரும் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்புள்ளி விழும்.

பளபளப்பு போகக் கூடாதென்று லாக்கர் என்ற கண்ணாடிப் பூச்சை அடித்துவிட்டு மறந்துவிடுவதும் தவறு. கயிறு உரசும் இடத்தில் லாக்கர் கீறும், கீறல் வழியே உப்பு உள்ளே போகும், அப்புறம் படலத்துக்கு அடியில் பச்சைக் கோடு ஓடும். அங்கே மெழுகுதான் என் தேர்வு, தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், கரைக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைப்பது. நம் ஊர் போர் தண்ணீர் குழாயில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது.

நீருக்கடியில் இருக்கும் பாகத்தைப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய படலம்தான் அதற்குக் காவல். சுரண்டினால் உலோகம் மறுபடி முதலிலிருந்து கரையத் தொடங்கும். அலுமினியப் படகில் வெண்கலத்தை நேரடியாக வைத்தால் அலுமினியம் குழி விழும், நடுவில் நைலான் வாஷர் கட்டாயம். அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டி தான் கரைந்து மற்றதைக் காப்பது. படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலும் தூரிகையை ஓட்டிவிடாதீர்கள். பெயின்ட் மூடிய கட்டி கரையாது, அதற்குப் பதில் வெண்கலம் கரையும்.