புதுப் பொருள் வந்ததும் உலகம் மாறிவிடுமா? பேட்டரி வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகம் ஒன்றில் புதிய பொருள் உருவானதாகச் செய்தி வந்த மறுநாளே, பழைய தொழில்நுட்பத்துக்கு நாள் குறித்து எழுதிவிடுகிறோம். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை பொய்த்துப்போவதற்குக் காரணம், பொருளை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதுதான். லித்தியம் அயனி பேட்டரியின் வரலாறு இதற்குத் தக்க பாடம்.

கண்டுபிடித்த ஆண்டையே மாற்றம் நிகழ்ந்த ஆண்டாகக் கொள்வது முதல் தவறு. 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டேனியம் டைசல்ஃபைடின் அடுக்குகளுக்குள் லித்தியம் அயனிகள் புகுந்து வெளியேறுவதைப் பயன்படுத்தி, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய கலத்தை, அதாவது பேட்டரியின் அடிப்படை அலகை, உருவாக்கினார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்டினஃபின் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு, இரண்டு வோல்ட்டைச் சற்றே தாண்டியிருந்த மின்னழுத்தத்தை நான்கு வோல்ட் வரை உயர்த்தியது. ஆனாலும் சோனி நிறுவனம் இந்த வகை பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல்தான்.

இடைப்பட்ட ஆண்டுகளை வீண் தாமதம் என்று எண்ணக் கூடாது. உண்மையான வேலை அங்கேதான் நடந்தது. கலத்தின் எதிர்முனையில் (மைனஸ் முனையில்) உலோக லித்தியம் இருந்தவரை, மின்னேற்றும்போது அது சீராகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்துக் கலத்தைத் தீப்பிடிக்க வைத்தது. ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ, உலோக லித்தியத்தை அறவே நீக்கி, பெட்ரோலியக் கோக் என்னும் கார்பன் பொருளை அங்கே வைத்தார். அந்தக் கலத்தின் மீது கனமான இரும்புத் துண்டை விழச் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. உலோக லித்தியம் இருந்த கலத்தின் மீது அதே சோதனையைச் செய்தபோது அது பயங்கரமாக வெடித்தது. என்னைக் கேட்டால், சந்தைக்கான கதவு திறந்தது அந்தச் சோதனையில்தான்.

உற்பத்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒலிநாடா தயாரிப்பில், மெல்லிய படலத்தின் மீது குழம்பைச் சீரான கனத்தில் பூசி உலர்த்தும் இயந்திரங்களும் அனுபவமும் சோனியிடம் ஏற்கெனவே இருந்தன. குறுந்தகடுகளின் வரவால் நாடாவுக்கான தேவை குறைந்துவந்த வேளையில், அதே திறன் அலுமினியம், தாமிரத் தகடுகள் மீது மின்முனைப் பொருளைப் பூசப் பயன்பட்டது.

ஒரே ஓர் எண்ணை வைத்துப் பொருளைத் தரம் பிரிப்பதுதான் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்டினஃபின் குழு 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை நேர்முனைப் பொருளாக அறிமுகப்படுத்தியபோது, காகிதத்தில் அது எடுபடவில்லை. மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தியது. மின்னழுத்தமும் ஆற்றல் அடர்த்தியும் (குறிப்பிட்ட எடையில் தேக்கக்கூடிய ஆற்றல்) கோபால்ட் வகையைவிடக் குறைவு. மெதுவாக மின்னேற்றினாலும் அதிலிருந்த லித்தியத்தில் ஒரு பகுதியே வெளியே வந்தது. பின்னர் துகள்களை நுண்ணியதாக்கி அவற்றின் மேல் கார்பன் பூசியதும் கடத்தும் தடை நீங்கியது. பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் ஆக்சிஜனை வெளிவிடுவதில்லை. இந்தப் பாதுகாப்பினால் கலங்களை இடைவெளி குறைத்து நெருக்கமாக அடுக்க முடிந்தது. கலத்தின் அளவில் தெரிந்த குறை, முழு பேட்டரிப் பெட்டியின் அளவில் வெகுவாகச் சுருங்கியது. விலையுயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் தேவைப்படவில்லை. இன்று உலகின் மின்வாகனச் சந்தையில் பெரும்பங்கு இந்த 'மட்டமான' பொருளுக்குத்தான்.

இதன் வேரைத் தேடினால், தனி மேதை ஒருவரே எல்லாவற்றையும் செய்தார் என்று எழுதும் தவறும் வெளிப்படும். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், குட்டினஃபுடன் சேர்ந்து 1980களின் பிற்பகுதியிலேயே, சல்ஃபேட், பாஸ்பேட் போன்ற அயனித் தொகுதிகள் இரும்புச் சேர்மங்களின் மின்னழுத்தத்தை உயர்த்துவதைக் காட்டியிருந்தார். 2019இல் குட்டினஃபின் சார்பாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் அவரே.

புதியது வந்தால் பழையது அழிந்துவிடும் என்பதும் பொருந்தாது. 1859இல் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமில பேட்டரி இன்றும் பெட்ரோல் கார்களைக் கிளப்புகிறது. நம் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் இருக்கிறது.

இப்போது லித்தியத்துக்குப் பதிலாகச் சோடியத்தைப் பயன்படுத்தும் சோடியம் அயனி பேட்டரி பற்றிய செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது ஆற்றல் அடர்த்தி எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், அந்த அளவீடு நாணய அளவுள்ள சோதனைக் கலத்தில் கிடைத்ததா, வாகனத்தில் பொருத்தும் முழு அளவுக் கலத்தில் கிடைத்ததா, எத்தனை முறை மின்னேற்றிய பிறகும் அது தாங்குகிறது என்று தேட வேண்டும். அதன் எதிர்முனையில் தாமிரத்துக்குப் பதிலாக மலிவான அலுமினியத் தகட்டையே பயன்படுத்தலாம் என்பதும், லித்தியம் பேட்டரிக்காக நிறுவிய பூச்சு இயந்திரங்களிலேயே பெரும்பாலும் அதைத் தயாரிக்க முடியும் என்பதும் தலைப்புச் செய்தியில் இடம்பெறுவதில்லை. என் கணிப்பில், அந்தப் பொருளின் வாய்ப்பைத் தீர்மானிக்கப்போவது இந்த இரண்டும்தான்.